வலது கையில் வெறும் பிடி

என் வயதுக்காரர்களே, பிரஷர் குளிசையும் முழங்கால் நோவுமாக இருந்துகொண்டு பேரப்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவர்களே, இது உங்களுக்குத்தான். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று மூன்று கிழமை பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

போன மாதம் லிங்கநகரில், எங்களோடு படித்த ஒருவரின் வீட்டில் கூடியிருந்தோம். அவருடைய பேத்திக்குப் புது ஸ்கூட்டி வந்திருந்தது. பொட்டு வைத்து, மாலை போட்டு, சில்லுக்குக் கீழே தேசிக்காயும் வைத்தாயிற்று. பிள்ளை ஏறி உட்கார்ந்ததும் தாத்தா முன்னுக்கு வந்தார்.

“பிள்ளை, உந்த வலப்பக்கப் பிரேக்கில மட்டும் கை வைச்சிடாத. அது முன் சில்லுப் பிரேக். தொட்டியெண்டாத் தலைகுப்புறத்தான். இடப்பக்கத்தைப் பிடிச்சாக் காணும்.”

எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டினீர்கள். “எங்கட காலத்தில அதைக் கழட்டியே எறிஞ்சிடுவம்” என்று ஒருவர் பெருமையாகச் சிரித்தார். நான் கேக் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு, “விசர்க் கதை கதைக்காதேங்கோ, அந்தப் பிள்ளையைக் கொல்லப் போறியளோ?” என்று கத்திவிட்டேன். “ரீச்சருக்கு இண்டைக்கு என்னவாம்?” என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு என்னவென்று இப்போது சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. உவர்மலையில் இருந்தோம். வீட்டு முற்றத்தில் நின்றால் உட்துறைமுகத்தில் கப்பல்கள் நிற்பது தெரியும். அப்பா துறைமுகத்துக் களஞ்சியத்தில் கிளாக்கர். அக்கா உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தாள். அவள் படித்த பெண்கள் பள்ளியில் பௌதிகம் படிப்பிக்க ஆள் இல்லை. கிழமையில் மூன்று நாள் பின்னேரம் பட்டினத்தின் மறு கோடியில் இருந்த இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். ஒரு பள்ளி விட்டு மற்றப் பள்ளியில் வகுப்புத் தொடங்குவதற்குள் நடந்து போய்ச் சேர ஏலாது. ஆகவே சைக்கிள் வேண்டும் என்று அக்கா நாலு மாதம் அழுதாள், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்தாள்.

கடைசியில் சைக்கிள் வந்தது. துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகையில் அவருடைய மனைவி ஓடிய சைக்கிளை அப்பா வாங்கி வந்தார். கடும் பச்சை நிறம். பாவாடை சிக்காதபடி பின் சில்லின் இரண்டு பக்கமும் நூல் வலை பின்னியிருந்தது. அப்படி வலை போட்ட சைக்கிளை அதற்குப் பிறகு நான் எங்கும் காணவில்லை. தோல் சீற்றில் வேறு வீட்டு பவுடர் வாசம் இருந்தது. நான் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

சைக்கிளோடு அப்பாவின் நிபந்தனையும் வந்தது. “ஒருக்கா விழுந்தியோ, சைக்கிளும் இல்லை, படிப்பும் இல்லை. விளங்கிச்சோ?” அக்கா ஓம் என்றாள். தனியாகப் போகவும் விடவில்லை. காவலுக்கு நான் கரியரில் ஏறிப் போக வேண்டும். ஒன்பது வயதுக் காவல்.

அடுத்த நாளே அப்பா சைக்கிளைச் சந்தைப் பக்கத்துச் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது முன் பிரேக் இல்லை. பிரேக் கட்டை, அதைத் தாங்கும் கவை, மேலிருந்து இறங்கும் கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். ஹாண்டிலில் வலது கைப் பிரேக் பிடி மட்டும் மிஞ்சி, ஒன்றோடும் தொடுக்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் பகுதியில் அப்போது அதுதான் வழக்கம். பெண்பிள்ளைக்கோ சின்னப் பெடியனுக்கோ சைக்கிள் வாங்கினால் முதல் வேலை முன் பிரேக்கைக் கழற்றுவது. முன் பிரேக் ஆளைக் கொல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள். செத்த ஆள் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு அத்தாட்சி வேறு இருந்தது. அப்பாவுக்கு மேல்வரிசையில் இரண்டு முன்பல் இல்லை. இளந்தாரியாக இருந்தபோது கோட்டைப் பக்கத்து இறக்கத்தில், சைக்கிள் பாரில் ஒரு கூட்டாளியையும் ஏற்றிக்கொண்டு, பெடலை மிதித்தபடியே இறங்கி வந்திருக்கிறார். அங்கே திரியும் மான்களில் ஒன்று குறுக்கே வந்ததும் முன் பிரேக்கை மட்டும், அதுவும் முழுப் பலத்தோடு வெடுக்கென்று பிடித்திருக்கிறார். சைக்கிள் நின்றது, அப்பா நிற்கவில்லை. அந்த மடத்தனத்துக்கு மானையும் திட்டினார், பிரேக்கையும் திட்டினார். தன்னை மட்டும் திட்டவில்லை.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் சொல்கிறேன், கேளுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சாரதி பிரேக் போட்டால் எந்தப் பக்கம் விழுகிறோம்? முன்னுக்கு. சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் அதே கதைதான். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்னுக்குச் சாயும். முன் சில்லு நிலத்தை அழுத்திப் பிடிக்கும், பின் சில்லு லேசாகும். லேசான சில்லை எவ்வளவு நெரித்தாலும் அது இழுபட்டுக்கொண்டு போகுமே தவிர வண்டியைச் சட்டென்று நிறுத்தாது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், மெல்லத் தொடங்கிப் படிப்படியாக இறுக்க வேண்டும், உடம்பைப் பின்னுக்கு வைத்திருக்க வேண்டும். மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக் கொடுக்கச் சோம்பல்பட்டுத்தான் கழற்றி எறிந்தோம்.

அக்காவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். கடற்கரை வீதியில் ஒரு நாள் நாய் குறுக்கே ஓடியது. அக்கா இடது கைப் பிடியை இறுக்கினாள். பின் சில்லு பூட்டுப்பட்டு, வீதியில் பரந்திருந்த மணலில் பக்கவாட்டில் இழுபட்டது. நான் கரியரில் இருந்து ஒரு பக்கம் சரிந்தேன். எப்படியோ காலை ஊன்றி விழாமல் தப்பினோம். அக்கா அதிலேயே நின்று, தெருவில் ரயர் கீறிய கோட்டைப் பார்த்தாள். அது எங்கள் வீட்டு முற்றத்தின் நீளம் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கொப்பியில் சைக்கிள் கீறி, அம்புக்குறி போட்டு, கணக்குச் செய்தாள். அடுத்த நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். “முன் பிரேக் இல்லாம நிப்பாட்ட ஏலாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்று கேட்டாள்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தெரியும் தங்கச்சி. முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கோணும். இருக்கிற பின் கட்டையும் தேஞ்சுதான் கிடக்கு. ஆனா ஐயா கழட்டச் சொன்னவர், நான் கழட்டினனான். உங்களுக்குப் பூட்டித் தந்தா அவர் என்னோட சண்டைக்கு வருவார்.”

“அப்ப நான் விழுந்தா?”

“மெதுவா ஓடுங்கோ.”

அந்த மனுசனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. தெரியாதவன் செய்தால் மடத்தனம். தெரிந்துகொண்டு, ஐயா சொன்னார் என்று செய்கிறவனுக்கு என்ன பெயர்? தேய்ந்த கட்டையைக்கூட அவர் மாற்றித் தரவில்லை.

அக்கா அப்பாவிடமே கேட்டாள். அன்று பெரியப்பாவும் வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இருவருக்கும் முன்னால் கொப்பியை விரித்து வைத்தாள். “பிரேக் பிடிச்சாப் பாரம் முன்னுக்கு வருமப்பா. பின் சில்லு நிலத்தைப் பிடிக்காது. முன் பிரேக்கைத் திருப்பிப் பூட்டித் தாங்கோ.”

அப்பா கொப்பியைப் பார்க்கவில்லை, பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சிரித்தார். “பொம்பிளைப் பிள்ளை கொப்பனுக்குச் சைக்கிள் படிப்பிக்கிறாள்” என்றார். அந்தச் சிரிப்போடு கதை முடிந்தது. அப்பா தனியாக இருந்தபோது கேட்டிருந்தால் ஒருவேளை இணங்கியிருப்பார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தமையனுக்கு முன்னால் அவரால் ஏலாது. ஒரு மனுசனின் மானம் அவ்வளவு மெல்லியதாக இருந்தால் அதற்கு என் அக்காவா பொறுப்பு?

இனி என் பங்குக்கு வருகிறேன்.

உவர்மலையில் உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. யன்னல் கொளுவி, கத்தரிக்கோல், பிஸ்கட் தகரம் எல்லாம் கறள் பிடிக்கும். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மருந்து தேங்காய் எண்ணெய். தையல் மெஷினுக்கும் அதுதான், கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான், எங்கள் தலைக்கும் அதுதான். சனிக்கிழமைகளில் சைக்கிளுக்கு எண்ணெய் பூசுவது என் வேலை. பழைய சாரத் துணியைக் கிழித்து, சிரட்டையில் எண்ணெய் எடுத்து, சில்லுக்கம்பி ஒவ்வொன்றையும் ரிம்மையும் துடைக்க வேண்டும். அப்பா கதிரையில் இருந்துகொண்டே பார்ப்பார். “உள்பக்கத்தையும் துடை. கறள் அங்கைதான் பிடிக்கும்” என்பார்.

அந்தக் காலத்துக் கம்பி பிரேக் உங்களுக்குத் தெரியும். பிடியை நெரித்தால் கம்பி இழுபட்டு, இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தில் போய் அழுத்தும். ரப்பரும் இரும்பும் உராய்ந்தால்தான் சில்லு நிற்கும். அந்த உராய்கிற இடத்துக்குத்தான் நான் கிழமைக்கு ஒருமுறை எண்ணெய் பூசினேன். அக்கா இரண்டொரு தரம், “ரிம்மில பூசாதையடி” என்று சொல்லியிருந்தாள். ஆகவே நான் துடைத்து முடித்தபிறகு அவள் ரிம்மை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவாள். அப்பாவுக்குத் தெரியாமல் கிணற்றடியில் வைத்துச் செய்வாள்.

மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். அவள் படுத்திருந்தாள். நான் வழக்கம்போல் எண்ணெய் பூசினேன். அன்று அப்பா என்னைப் புகழ்ந்தார், அதனால் இரண்டாம் முறையும் பூசினேன். சில்லு கண்ணாடி போல மினுங்கியது. கழுவ ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை தூறல். அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, பௌதிகப் பரீட்சை என்று வெளிக்கிட்டாள். வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் சமதரை, அதற்குப் பிறகு உவர்மலை இறக்கம். இறக்கம் போய் விழுவது பெரிய வீதியில், அதில் துறைமுகத்து லொறிகள் ஓடும். இறக்கம் தொடங்கியதும் அக்கா இடது கையை இறுக்கியது எனக்குத் தெரிந்தது, தோள் உயர்ந்தது. சைக்கிள் மெதுவாகவில்லை. ஸ்ஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சில்லில் எண்ணெயும் மழைத்தண்ணீரும். அக்கா பெடலில் கால் வைக்கவே இல்லை. இரண்டு காலையும் தொங்கப் போட்டு, செருப்பை நிலத்தில் தேய்த்தாள். செருப்பு ஒன்று கழன்று போனது. வலது கையும் அந்த வெறும் பிடியை விரல் வெளுக்கும்வரை நெரித்துக்கொண்டிருந்தது. அதை நான் அவளுடைய கையிடுக்கால் பார்த்தேன்.

“குதியடி!” என்று கத்தினாள். நான் குதிக்கவில்லை. “குதி, குதி!” என்று முழங்கையால் என்னைப் பின்னுக்கு இடித்தாள். நான் விழுந்தேன். முழங்காலில் தோல் உரிந்ததோடு எனக்கு முடிந்தது. அக்கா பெரிய வீதிக்குப் போகாமல் ஹாண்டிலை வெட்டித் திருப்பி வீதியோர மதகுச் சுவரில் மோதினாள். அந்த நேரம் கீழே ஒரு லொறி கடந்து போனது. நேரே போயிருந்தால் அதன் கீழ்தான் போயிருப்பாள்.

தோள் எலும்பு உடைந்திருந்தது. மேலுதடு பிளந்து ஏழு தையல் போட்டார்கள். மூன்றாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து உள் அறையில் படுக்க வைத்தார்கள். அன்று பின்னேரம் அப்பாவும் பெரியப்பாவும் முன்விறாந்தையில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா குசினி வாசலில் நின்றாள்.

“நீ பின்னால இருந்தனீதானே? அக்கா பெடலை மிதிச்சுக்கொண்டு வேகமாத்தானே வந்தவள்?” என்று அப்பா கேட்டார்.

கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது. எனக்கு எண்ணெய் ஞாபகம் வந்தது. இரண்டாம் முறை பூசியது ஞாபகம் வந்தது. அக்கா பூசாதே என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. இல்லை என்று சொன்னால், பின்னே ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும்.

“ஓம்” என்றேன்.

“பாத்தியே?” என்றார் பெரியப்பா. அப்பா அம்மாவைப் பார்த்து, “நான் அண்டைக்கே சொன்னனான். காணும் படிச்சது” என்றார். அவ்வளவுதான். அம்மா உள்ளே போனாள். சனிக்கிழமை சிரட்டையில் எண்ணெய் ஊற்றித் தந்தவள் அவள். அக்கா சாம்பல் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவதையும் பார்த்திருக்கிறாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா அந்தப் பரீட்சையும் எழுதவில்லை, அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. தோள் பொருந்தியதும் தையல் பழக அனுப்பினார்கள். உதட்டில் தழும்பு விழுந்த பிள்ளைக்கு நல்ல இடம் கிடைக்காது என்று பயந்து, பத்தொன்பது வயதில் குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் வயல்காரர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனுசன், குறை சொல்ல ஏலாது. ஆனால் அக்காவின் கைக்கு வர வேண்டியது வேறு வாழ்க்கை. அவளுடைய பௌதிகக் கொப்பிகளை வைத்து நான் படித்தேன். அம்புக்குறி போட்ட அந்தச் சைக்கிள் படமும் அதற்குள் இருந்தது. அதைப் பார்த்துத்தான் உராய்வு விசையை நான் விளங்கிக்கொண்டேன், பல்கலைக்கழகம் போனேன், ரீச்சர் ஆனேன். நீங்கள் இன்றைக்கு மரியாதையாகக் கூப்பிடுகிற ரீச்சர்.

அப்பா கடைசிவரை பிழையை ஒத்துக்கொள்ளவில்லை. நான் உத்தியோகம் பார்க்கத் தொடங்கியபிறகு ஒரு நாள், இப்போது நான் உங்களுக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். “அந்தக் காலத்தில ஆருக்குத் தெரியும்?” என்றார். அக்காவுக்குத் தெரியும் அப்பா. கொப்பியில் எழுதிக் காட்டினாள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும். எல்லோரையும் திட்டி முடித்தாயிற்று. அப்பா, பெரியப்பா, கடைக்காரர், அம்மா. இத்தனை பேரையும் திட்டுகிறேனே, அந்த ஓம் என்ற சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது? இந்த ஐம்பது வருடத்துக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

லிங்கநகரில் உங்களோடு சண்டை பிடித்த மறுகிழமை பஸ் ஏறிக் கட்டைபறிச்சானுக்குப் போனேன். அக்கா முற்றத்தில் பாய் விரித்துக் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து உடைத்தேன். ஸ்கூட்டிக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள், கையால் உதட்டை மறைத்துக்கொண்டு. அப்படித்தான் அவள் எப்போதும் சிரிப்பாள்.

“அக்கா, அண்டைக்கு நான் சில்லில ரெண்டு தரம் எண்ணெய் பூசினனான்.”

“தெரியும். பிரேக் பிடிச்ச உடனேயே தெரியும்.”

“அப்பா கேக்கேக்க நான்...”

“உள்ளுக்குத்தானே படுத்திருந்தனான். கேட்டது.” அவள் கை நிற்கவில்லை. கோது ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது.

“ஏனக்கா நீங்க அப்பவே சொல்லேல்லை?”

“வாய் தைச்சுக் கிடந்தது. பேந்து ஆர் கேட்டவை?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் சின்னப்பிள்ளை அக்கா. பயந்திட்டன்” என்றேன்.

அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. “சின்னப்பிள்ளைதானே, போகட்டும் எண்டு நான் சொல்லோணும். அதைக் கேட்டுக்கொண்டு நீ ஆறுதலா பஸ் ஏறோணும். அதுக்குத்தானே வந்தனீ? எனக்கு ஏலாதடி. நானும் எத்தினையோ தரம் சொல்லிப் பாத்தனான், எனக்குள்ள. வரேல்லை.”

அக்கா மடியில் கிடந்த கோதைத் தட்டிவிட்டாள். பிறகு அவள் வெயிலைப் பார்த்து, “நாலரைக்கு பஸ் இருக்கு. இப்ப வெளிக்கிட்டாத்தான் பிடிப்பாய்” என்றாள்.

நான் எழும்பினேன். எப்போது போனாலும் படலைவரை கூட வந்து, பஸ் மறையும்வரை நிற்பவள் அவள். அன்று பாயை விட்டு எழும்பவில்லை.